சுகமாகிவிட்டாள் என்று எழுதிக்கொண்டார்கள்

என் மகள் லவினா கையை அறுத்துக்கொள்கிறவள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. புருஷன் விட்டுப் போனதிலிருந்து இப்படி. சாவதற்கு இல்லையாம், உள்ளே கொதிக்கிறது கொஞ்சம் அடங்குமாம். அவளே சொன்னது.

நீலசந்திராவில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிற கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மாடியில் செவ்வாய்க்கிழமைதோறும், மனசு கொதித்தால் அடக்கிக்கொள்ளச் சொல்லித்தருகிற ஒரு வகுப்பு. டி.பி.டி. என்பார்கள். அறுக்கத் தோன்றினால் ஐஸ்கட்டியைக் கையில் பிடி, அதற்கும் அடங்காவிட்டால் வகுப்பு எடுக்கிற வீணா மேடத்துக்குப் போன் போடு. அறுப்பதற்கு முன்னால் போடு, பின்னால் போடாதே. இதுதான் பாடம். சும்மா வருகிற எதையும் நான் நம்புகிறவன் இல்லை. டுபாகூர் வேலை என்றேன். ஆனால் ஒருநாள் பாத்ரூமுக்குள்ளிருந்து, "மேடம், பிளேடு கைல இருக்கு" என்று அவள் பேசியதை என் காதால் கேட்டேன். அன்றைக்கு அறுக்காமல் வெளியே வந்தாள். எல்லா நாளும் அப்படி இல்லை. சில நாள்.

இந்த வகுப்பு ஏழைபாழைகளுக்குப் பலன் தருகிறதா என்று ஆராய, காலேஜ் ஒன்றிலிருந்து சுனில் என்கிற ஆள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி பெயர் பெட்டி. அவள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஸ்தோத்திரம் தம்பி! கர்த்தர் எம்புள்ளைக்கு முழு சுகம் குடுத்துட்டாரு."

எங்கள் சபையில் அப்படித்தான். கிடைக்காததைக் கிடைத்துவிட்டது என்று சாட்சி சொல்ல வேண்டும், சொன்னால்தான் கிடைக்கும். வலிக்கிறது என்றால் அவிசுவாசி. கிட்னி போனவன்கூட எழுந்து நின்று சுகமாகிவிட்டேன் என்பான். அடுத்த மாதம் அவனை அடக்கம் பண்ணப் போவோம்.

"இந்த மாசம் எத்தனை தடவை கைய..." சுனில் இழுத்தார்.

"ஒரு தடவகூட இல்ல," என்றாள் பெட்டி.

"பொய்," என்றேன். "ஞாயித்துக்கிழம சர்ச்சு முடிஞ்சு வந்து அறுத்தா."

"சும்மா இருங்க! உங்க நாக்காலதான் இந்த வூட்டுக்குச் சாபம். தம்பி, இவரு அந்தக் கிளாசே டுபாகூர்னு சொல்றவரு. இவரு பேச்ச எழுதாத."

"சொன்னேன், இல்லங்கல. அதுக்காக இதுவும் பொய்யாயிடுமா? ஏய், சட்டைக் கையத் தூக்கிக் காட்டுடி."

லவினா கையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அடித்தால்கூட என்னை அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

"அங்கிள், ஃபோர்ஸ் பண்ணாதீங்க," என்றார் சுனில். "நீங்க சொல்லுங்க சிஸ்டர்."

பெட்டி கண்ணை மூடி முணுமுணுவென்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். லவினா அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மம்மி சொன்னதுதான். நல்லாயிட்டேன்."

சுனில் அதை எழுதிக்கொண்டார்.

அவர் எழுதிக்கொண்டு போனதை வைத்து அந்த மாதமே வகுப்பிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"ஸ்கோர் தும்பா சென்னாகி, ரொம்ப நல்லா வந்திருக்கு அங்கிள்," என்றார் வீணா. "நல்லானவங்க எடத்த வேற ஆளுக்குக் குடுக்கணும், அதான் ரூல்."

"அவ நல்லாகல மேடம். அது சாட்சி."

"சாட்சியா? கோர்ட்டுல சொல்றதா?"

எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனுஷி இல்லை.

"அப்ப அவளே வந்து, அன்னிக்குச் சொன்னது தப்புன்னு சொல்லட்டும். புதுசா சேத்துக்கறேன். முன்னாடி நெறைய பேரு காத்திருக்காங்க."

"அதுவரைக்கும் போன்?"

"கிளாஸ்ல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் அங்கிள். அவசரம்னா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து லவினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கிளம்பு, போய்ச் சொல்லலாம்," என்றேன்.

"எப்டிப்பா சொல்றது? மம்மி போன வாரம் சபைல எந்திரிச்சு நின்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. பாஸ்டர் என் தலைமேல கை வெச்சு அழுதாரு." சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தாள். "இப்ப இல்லன்னா, நான்தான் விசுவாசம் இல்லாதவ."

எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். யாரிடமும் பேசுகிற சத்தம் கேட்கவில்லை.

கதவை இரண்டு கையாலும் தட்டினேன். "வேணாம்மா" என்றேன்.

பெட்டி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "மெதுவாங்க. பக்கத்து வூட்டுல கேக்கப் போவுது. சுகமாயிட்டான்னு சொல்லியிருக்கோம்."

அவளைத் தள்ளிவிட்டுத் தட்டினேன். லவினா திறக்கவில்லை.