மானுக்குக் கொட்டிய உப்பு

நாற்பது வருஷம் பச்சைத்தோலில் ஒட்டிய உப்பைத் தட்டி உதிர்த்தவன் நான். அந்த உப்பு எதற்கும் ஆகாது. தோல் பதனிடும் டேனரியின் சுவரோரம் குவிந்து கிடக்கும். வேலையை விட்ட பிறகு, அங்கே வாட்ச்மேனாக இருந்த சமீருல்லாவிடம் சொல்லி ஒரு மூட்டை எடுத்து வந்தேன்.

"இன்னாத்துக்கு தோஸ்த், ஊறுகா போடப் போறியா?" என்றான்.

"மானுக்கு."

"அதுங்களுக்கு பிரஷர் ஏறிடப் போவுது."

என் வீடு காப்புக்காட்டு எல்லையில். கோடையில் புள்ளிமான்கள் மலையடிவாரம் வரை வந்து வெறும் மண்ணை நக்கும். உப்புக்குத்தான் அலைகின்றன என்று எனக்குத் தெரியும். வேலிக்கு இந்தப் பக்கம், கொல்லையில் கொட்டினேன். மூன்றாம் நாளே வந்தன. காது கிழிந்த பெட்டை ஒன்று, வயிற்றைத் தள்ளிக்கொண்டு முதலில் வரும். என்னைப் பார்த்தும் ஓடாது.

வனக்காவலர் கரோலின் வந்து பார்த்தாள்.

"தாத்தா, இத அள்ளிடுங்க. உப்பு நாங்க மேலயே வெக்கிறோம். கீழ எறங்கிப் பழகிட்டா நாய்ங்க வுடாது."

"ஆடு மேய்க்க வுடல. சுள்ளி பொறுக்க வுடல. இப்ப மான் என் வூட்டாண்ட வர்றதும் உங்களுக்கு ஆவலையா?"

"நான் ஆட்டப் பத்திப் பேசல தாத்தா."

"போம்மா."

காக்கி போட்டவர்கள் சொல்வதில் ஏதாவது சூது இருக்கும் என்பது என் கணக்கு. மறுவாரம் இன்னொரு மூட்டை கொட்டினேன். இரண்டு மழையில் அது கரைந்து மண்ணில் இறங்கியது.

ஞாயிறு காலை குரைப்புச் சத்தம். டேனரியில் தோலிலிருந்து வழித்துப்போடும் ஜவ்வைத் தின்று கொழுத்த நாய்கள். கழியோடு ஓடினேன். எழுபது வயசுக் கால் எவ்வளவு ஓடும்? காது கிழிந்த பெட்டை வேலியில் சிக்கிக் கிடந்தது. வயிற்றில் இருந்ததும் பிழைக்கவில்லை.

கரோலின் வந்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் மானின் கண்ணை மூடப் பார்த்தாள், மூடவில்லை.

"இது ஒண்ணுதானா தாத்தா, இன்னும் வருதா?"

"இன்னும் ஆறு."

உப்பு கொட்டிய இடத்தை மண்வெட்டியால் வழித்தேன். முழங்கால் ஆழம் தோண்டி, மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

இப்போது விடிந்ததும் கற்களோடு அங்கே உட்கார்கிறேன். ஆறும் வருகின்றன. எறிகிறேன். பத்தடி ஓடி, நின்று, இந்த ஆளா என்பதுபோல் திரும்பிப் பார்க்கின்றன. மறுபடி எறிகிறேன், இந்தத் தடவை உடம்பில் படுகிற மாதிரி.