இல்லாத மாட்டுக்கு ஒரு சான்று

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு மாடு நிராகரிக்கப்பட்டது.

செய்தி வாட்ஸப்பில் வந்தது. 'புகைப்படங்கள் ஓவியப் பிரிவில் ஏற்கப்பட மாட்டா. படம் நன்று.' அனுப்பியவர் சுப்பராயலு, கடலூர் கெடிலக்கரை ஓவிய மன்றத்தின் செயலாளர். கீழே ஒரு கும்பிடும் கை.

இளமதி சிதம்பரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் வேலை செய்தாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. இறந்தவரின் தலைக்குப் பின்னால் மேகம் வைப்பாள். மாப்பிள்ளையின் தோளில் கிடக்கும் வேறொருவர் கையை எடுப்பாள். ஒன்பது வருடம். எந்தப் படத்தின் கீழும் அவள் பெயர் வந்ததில்லை. கடையின் போன் நம்பர் வரும்.

மாட்டை அவள் பதினான்கு மாதம் வரைந்தாள். டேப்லெட்டில், அதற்கான பேனாவால், மயிர் மயிராக. செவலைப் பசு. எந்தப் போட்டோவையும் வைத்து வரையவில்லை. கொம்பு ஒரு மாட்டில் பார்த்தது. கழுத்துக்கடியில் தொங்கும் அலைதாடி இன்னொன்றில். கண் எதிலும் பார்க்காதது. மூக்கின் ஈரத்துக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது.

கண்காட்சி மலர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகும். ஓவியப் பிரிவில் ஏற்கப்பட்ட ஒவ்வொரு படத்தின் கீழும் 'ஓவியர்' என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். அவளுக்கு அது வேண்டும். பரிசு வேண்டாம்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினாள்.

மன்றம் மஞ்சக்குப்பத்தில் ஒரு தையல் பயிற்சி நிலையத்தின் மாடியில் இருந்தது. சுப்பராயலு நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் ஆறங்குல ஸ்கேல் வைத்திருந்தார்.

"உக்காருங்கம்மா. நல்ல மாடு."

"நான் வரைஞ்சது சார்."

"நல்ல போட்டோன்னா வரைஞ்ச மாதிரிதான் இருக்கும்."

"இது வரைஞ்சதுதான் சார்."

"அதான் நானும் சொல்றேன். அந்த மாதிரியே இருக்கு."

அவள் டேப்லெட்டைத் திறந்தாள். படம் நூற்று எழுபத்திரண்டு அடுக்குகளாக இருந்தது. ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டினாள். மயிர் போனது. நிழல் போனது. கண் போனது. கடைசியில் வெறும் கோட்டு மாடு நின்றது.

"அடப் பாவமே," என்றார் சுப்பராயலு. "ஒரு போட்டோவ இப்பிடிப் பிரிச்சு எடுக்கறதுக்கும் ஒரு தெறம வேணும்."

டேப்லெட் தானாகவே பதிவு செய்து வைத்திருந்த வீடியோவைப் போட்டாள். வெற்றுத் திரையில் ஒரு கோடு விழுந்தது. பதினான்கு மாதம் நான்கு நிமிடத்தில் ஓடியது. முடிவில் மாடு நின்று அவரைப் பார்த்தது. அவரும் பார்த்தார்.

"இத நீங்க பின்னாலேந்து ஓட்டியிருக்கீங்க."

"என்னா சார்?"

"மொதல்ல போட்டோ. அதக் கொஞ்சம் கொஞ்சமா அழிச்சிருக்கீங்க. அப்புறம் வீடியோவத் திருப்பி ஓட வுட்டிருக்கீங்க. பதினாலு மாசமா அழிச்சிருக்கீங்க. பொறும ஜாஸ்திம்மா ஒங்களுக்கு."

"இப்பவே ஒங்க முன்னாடி வரையறேன் சார்."

"விதி ஏழு. அரங்கத்துக்குள்ள வரையக் கூடாது. இப்பதான் வெள்ளையடிச்சிருக்கு."

"இது செவுத்துல படாது சார். டேப்லெட்."

"விதிய எழுதினதே நான்தான். செவுத்துக்கு மட்டும்னு நான் எழுதல."

கீழே தையல் மிஷின்கள் ஓடின. அவர் குரலைத் தணித்தார்.

"புகைப்படப் பிரிவுல போட்டுடறேன். மொத பரிசு ஒங்களுக்குத்தான். மத்ததெல்லாம் சூரிய உதயம்."

"வேணாம் சார்."

மொத்தம் எட்டு சூரிய உதயம் வந்திருந்தது. அவருக்கு வருத்தமாக இருந்தது. ஸ்கேலை எடுத்து மேசையைத் தட்டிக்கொண்டு யோசித்தார்.

"ஒண்ணு பண்ணுங்க. போட்டோன்னா மாடு இருக்கணும். மாடே இல்லன்னா அது போட்டோ இல்ல. சரியா? இந்த மாடு எங்கயும் இல்லன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. ஏத்துக்கறேன்."

"யாருகிட்ட சார் வாங்கறது?"

"மாடு சம்பந்தப்பட்டவங்ககிட்ட வாங்குங்க. நிலம் சம்பந்தப்பட்டதுன்னா நானே குடுத்துடுவேன்."

புதன்கிழமை காலை மாட்டை ஆறடிக்கு நான்கடி ஃபிளெக்ஸில் அடித்துச் சுருட்டிக்கொண்டு புவனகிரிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்துக்குப் போனாள். டாக்டர் பெயர் சௌந்தரம். வராண்டாவில் இரண்டு ஆடு, ஒரு கோழிக்கூடை, ஒரு நாய். வரிசை வந்ததும் ஃபிளெக்ஸைத் தரையில் விரித்தாள்.

"மாடு எங்கம்மா?"

"மாடு இல்ல மேடம்."

"செத்துப்போச்சா?"

"இல்ல மேடம். பொறக்கவே இல்ல."

"செனையா?"

இளமதி எல்லாவற்றையும் சொன்னாள். சௌந்தரம் கேட்டுக்கொண்டே படத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு குந்தி உட்கார்ந்து காதுக்குள் பார்த்தார்.

"உண்ணி இருக்கு."

"ஆமா மேடம். பதினோரு உண்ணி." இளமதிக்கு முகம் மலர்ந்தது. உண்ணியை இதுவரை யாரும் பார்த்துச் சொன்னதில்லை.

"சந்தோஷமா சொல்றீங்க. வெலா எலும்பு தெரியுது. வலது கண்ணுல தண்ணி வருது. குளம்பு வளந்து கெடக்கு. எத்தன மாசமா வெச்சிருக்கீங்க?"

"பதினாலு மாசம்."

"பதினாலு மாசம் வெச்சிக்கிட்டு இந்த லட்சணத்துலதான் வெச்சிருக்கீங்களா?"

ஆட்டோடு நின்றவர் எட்டிப் பார்த்தார். "வாயில்லா ஜீவனுங்க மேடம்," என்றார்.

"இது படம்," என்றாள் இளமதி.

"படமா இருந்தா என்னா? வரையறப்பவே கொஞ்சம் புண்ணாக்கு வெச்சா தேறியிருக்கும்ல?" என்றார் ஆட்டுக்காரர்.

சான்றிதழுக்கு வழியில்லை என்றார் சௌந்தரம். இருக்கிற மாட்டுக்குப் படிவம் உண்டு. செத்த மாட்டுக்குப் படிவம் உண்டு. இல்லாத மாட்டுக்கு மேலிடத்தில் இருந்து எதுவும் வரவில்லை. ஆனால் பார்த்த பிறகு வெறும் கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். செவலைப் பசு, வயது சுமார் ஐந்து. குடற்புழு மருந்து, ஒரு வேளை. உண்ணிக்குத் தனி மருந்து, மேல் பூச்சு.

"மூணு வாரம் கழிச்சு காட்டுங்க," என்றார்.

இளமதியின் தாய்மாமன் கலியமூர்த்தி மாட்டுத் தரகர். ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்து பரங்கிப்பேட்டை வரை அவருக்குத் தெரியாத மாடு கிடையாது என்று அவரே சொல்வார். அன்று புவனகிரிப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் இருந்தார். அவள் ஃபிளெக்ஸை விரித்ததும் துண்டைத் தோளில் இருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"யாரு மாடு பாப்பா?"

"நீதான் மாமா சொல்லணும்."

அவர் கொம்பைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். பிறகு ஃபிளெக்ஸின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"அந்தப் பக்கம் ஒண்ணுத்தையும் காணோமே."

"படம் மாமா. ஒரு பக்கம்தான் இருக்கும்."

"ஒரு பக்கத்த மட்டும் காட்டுனா அந்தப் பக்கம் ஏதோ கோளாறுன்னு அர்த்தம். எனக்கேவா? பல்லு எங்க?"

"வாய் மூடியிருக்கு மாமா."

"தொறந்து வரைய வேண்டியதுதான? பல்லு தெரியாம வயச எப்பிடிச் சொல்றது? இங்க பாரு, தோள்ல சுழி. இந்தச் சுழி உள்ள மாடு கட்டுன எடத்துல நிக்காது. இத எவன் தலையில கட்டறதுக்கு எடுத்துக்கிட்டு அலையற?"

"விக்கறதுக்கு இல்ல மாமா. இந்த மாட்ட நீ பாத்திருக்கியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

கலியமூர்த்தி வெகு நேரம் பார்த்தார். டீ ஆறியது.

"இல்ல," என்றார். "சத்தியமா பாத்ததில்ல."

இளமதி பையில் இருந்து தாளும் பேனாவும் எடுத்தாள். "அத அப்பிடியே எழுதிக் குடு மாமா. கீழ கையெழுத்து போடு."

அவர் தாளைத் தொடவில்லை. சுற்றிலும் பார்த்தார். டீக்கடைக்காரர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக் குடுத்தா என் பேரு என்னாவறது? கலியமூர்த்திக்குத் தெரியாத மாடு ஒண்ணு இந்தத் தாலுகாவுல இருக்குன்னு ஆயிடும்."

"இல்ல மாமா. மாடே இல்லன்னுதான் ஆவும்."

"அது ஒனக்கு. ஊருக்கு?" தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: "இது சேத்தியாத்தோப்புப் பக்கம் நின்ன மாடு. போன தையில பாத்தேன். ஒதைக்கும்."

வீட்டுக்கு வந்ததும் கணவன் பாலகுமார் மருந்துச் சீட்டைப் படித்தான். அவன் செல்போன் பழுது பார்ப்பவன்.

"யாருக்கு உண்ணி?"

அவள் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் காது சிவந்தது.

"ஏங்க, சிரிச்சிடுங்க."

சிரித்துவிட்டு, "மதி, நீ தப்பே பண்ணல. அதான் தப்பு," என்றான். "ஒரு தப்பு வையேன். கேமரா பண்ண முடியாத தப்பு. அப்பதான் மனுசங்க வரைஞ்சதுன்னு நம்புவாங்க."

"என்னா தப்பு?"

"ஒரு கால் ஜாஸ்தி வெச்சுடு."

வியாழக்கிழமை லீவு போட்டு ஐந்தாவது காலை வரைந்தாள். முதலில் வேண்டுமென்றே மோசமாக வரையப் பார்த்தாள். கை வரவில்லை. மாட்டை அப்படி நிறுத்தி வைக்க அவளால் முடியவில்லை. முட்டிக்கு மேல் தசை வைத்தாள். குளம்பில் காய்ந்த சாணி வைத்தாள். ஐந்து காலுக்கும் எடை சமமாக விழ வேண்டுமே என்று மற்ற நான்கையும் அழித்து இரண்டு அங்குலம் தள்ளி வரைந்தாள். மதியத்துக்கு மேல் தரையில் நிழலும் ஐந்தானது.

பாலகுமார் வந்து பார்த்தான்.

"இன்னும் ஆரம்பிக்கலியா?"

"எண்ணுங்க."

விரல் வைத்து எண்ணினான். இரண்டு முறை எண்ணினான்.

"சொல்லலன்னா தெரியாது," என்றான். "ஒனக்கு இதான் வியாதி."

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அவள் மன்றத்துக்குள் நுழைந்தாள். சுவரில் எட்டு சூரிய உதயமும் மாட்டியாகிவிட்டது. சுப்பராயலு மலரின் கடைசித் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"சர்டிபிகேட்?"

"குடுக்கல சார்."

"டாக்டரம்மா என்னா சொன்னாங்க?"

"புழு இருக்குன்னாங்க."

"அப்ப மாடு இருக்கு." பேனாவை மூடினார்.

அவள் டேப்லெட்டை அவர் முன்னால் வைத்தாள். "மாட்டுக்கு எத்தன காலுன்னு பாருங்க சார்."

"நாலு."

"பாத்துட்டு சொல்லுங்க."

அவர் ஸ்கேலின் முனையை வைத்து இடமிருந்து எண்ணினார். நிறுத்தினார். வலமிருந்து எண்ணினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எடுக்கறப்ப அசைஞ்சிருக்கு. மாடு ஒரு எடத்துல நிக்குமா? காலத் தூக்கி வெச்சிருக்கும். ரெண்டு எடத்துலயும் வுழுந்திருக்கு."

"அஞ்சும் தரையிலதான் சார் இருக்கு. நெழலப் பாருங்க."

நிழலை எண்ணினார். உதடு அசைந்தது. ஐந்து வரை அசைந்து நின்றது.

"அஞ்சு கால் மாடு எங்கயாவது இருக்கும். கோயில் வாசல்ல துணி போத்தி ஓட்டிக்கிட்டு வருவாங்களே."

"அதுக்கு அஞ்சாவது கால் முதுகுல தொங்கும் சார். எந்த மாடு அஞ்சு காலையும் ஊணி நிக்கும்?"

சுப்பராயலு ஸ்கேலை மேசையில் வைத்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"புரிஞ்சு போச்சு. மாடு போட்டோ. நாலு கால் போட்டோ. ஒரு கால மட்டும் நீங்க வரைஞ்சிருக்கீங்க." அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். "அந்தக் கால் அருமையா இருக்கும்மா. ஓவியம்னா அதான் ஓவியம். நான் அநியாயம் பண்ண மாட்டேன். மலர்ல போட்டுடறேன். 'கால்: இளமதி.' தனி வரியா."

திருத்திய தாளின் ஓரத்தில் அதை எழுதவும் செய்தார். அச்சகத்தில் இருந்து போன் வந்தது. "ஒரு அஞ்சு நிமிஷம், ஒரு கால் வருது," என்று சொல்லி வைத்தார்.

இளமதி அந்த வரியைப் பார்த்தாள். அவள் பெயர் பேனாவில் எழுதியிருந்தது. எழுத்துப் பிழை இல்லை.

டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினாள். அதற்கான பேனாவை அவர் கையில் கொடுத்தாள்.

"சரி சார். அந்தக் காலச் சுத்தி மட்டும் ஒரு வட்டம் போட்டுக் குடுங்க."

அவர் பேனாவை வாங்கி இடது முன்னங்கால் அருகே கொண்டுபோனார். அங்கே நிறுத்தினார். அடுத்ததற்குப் போனார். சாணி ஒட்டிய குளம்புக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தார். இடது கையால் ஸ்கேலை எடுத்து முட்டியில் இருந்து குளம்பு வரை அளந்தார். அடுத்ததை அளந்தார். தன் பேனாவால் எண்களைத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்துவிட்டு, டேப்லெட் பேனாவை மறுபடி எடுத்தார். பேனாவின் முனை திரைக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. கீழே மிஷின்கள் நின்றுபோயிருந்தன. போன் மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"சொல்லுங்க சார். இதுல எந்தக் கால் நான் வரைஞ்சது?"