கல்லிலிருந்து அளந்த முகடு

கோமதித்தாய்க்கு அப்படியொரு பிடிவாதம். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே தெருவில் கிடக்க, அவள் மச்சு அறையில் பன்னிரண்டு தாள்களைப் பரப்பிக்கொண்டு கதவைச் சாத்தியிருந்தாள். பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறவள். நிலக்கடலையிலிருந்து பிரித்த புரதம் ஒன்றைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து, ரேடியோ அலையால் தட்டி, அது சொன்ன பதிலைக் கோடாக வரைந்து ஊருக்குக் கொண்டுவந்திருந்தாள். மணிக்கு ஒரு தாள்.

ஒவ்வொரு தாளிலும் ஒரே பக்கத்தில் சின்ன மேடு ஒன்று இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பன்னிரண்டையும் கூட்டினால் இரைச்சல், அதாவது கோட்டின் தாறுமாறான நடுக்கம், அடங்கி, நிஜ முகடு மட்டும் வளரும் என்பது கணக்கு. கூட்டியபோது அது மழுங்கித்தான் போனது. “அது வெறும் இரைச்சல். ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று திங்கட்கிழமை தபாலில் எழுதிப் போடு” என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அந்த மேடு இல்லையென்றால் புரதத்தின் மடிப்பைப் பற்றி அவள் மூன்று வருஷமாகச் சொல்லிவந்தது அத்தனையும் போச்சு. மெஷினில் அடுத்த முறை கிடைக்க ஆறு மாதம் ஆகும்.

சனிக்கிழமை மத்தியானம் தம்பி துரைப்பாண்டி வெயிலில் வெந்து வந்தான். அவன் சர்வேயர். இளையரசனேந்தலில் ஒரு வரப்புத் தகராறு.

“ஒருத்தன் மாசியில அளந்திருக்கான், ஒருத்தன் ஐப்பசியில. ரெண்டு பேரும் கம்மாத் தண்ணி ஓரத்துல இருந்து அளந்திருக்கானுவக்கா. தண்ணி ஒரே எடத்துலயா நிக்கும்? சர்வே கல்லு அங்கனயேதான் முள்ளுக்குள்ள கெடக்கு. ஒருத்தனும் பாக்கல.”

சோறு போட வந்த கோமதித்தாய் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

அவளும் தண்ணீரிலிருந்துதான் அளந்திருந்தாள். கரைசலில் உள்ள தண்ணீரின் முகடு தாளில் பனைமரம் போல நிற்கும். அதை வைத்துத்தான் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியிருந்தாள். காந்தத்தில் வைத்து அளந்த அன்றைக்கு ஏசி இரண்டு தடவை நின்றுபோயிருந்தது. சூடு மாறினால் தண்ணீரின் முகடு இடம் மாறும். அடையாளத்துக்கென்றே கலந்த மருந்தின் ஊசிக்கோடு ஓரத்தில் ஒண்டிக் கிடந்தது; அது நகராது. இதை இளையவர்களுக்குப் பாடம் எடுத்தவளே அவள்தான். தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஊசிக்கோட்டுக்கு ஊசிக்கோடு பொருத்தி மறுபடி ஆரம்பித்தாள். ஆசைப்பட்டதைத் தன் கண்ணே காட்டிவிடும் என்ற பயமும் இருந்தது. ஆறு தாளைத் தான் எடுத்துக்கொண்டு, மற்ற ஆறைத் தம்பியிடம் தள்ளினாள்.

“கட்டம் கட்டமா உயரத்தை அளந்து கூட்டி வரை. என்ன வரணும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“லீவு நாள்லயும் சர்வேதானா” என்று முனகினாலும் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பென்சிலைக் கீழே வைத்தான்.

“இங்கன ஒரு மேடு ஏறுதுக்கா.”

கோமதித்தாய் தன் தாளை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு மேடும் ஒரே இடத்தில் நின்றன. அவளுக்கு அழுகை வந்தது. தம்பிக்கு முன்னால் அழ அவள் கூச்சப்படவில்லை.

பேராசிரியர் கேட்டபடியே திங்கட்கிழமை கடிதம் போனது. “தவறு என்னுடையது. தண்ணீரை நம்பி அளந்துவிட்டேன். திருத்தி அளந்த இரண்டு தாள்களையும் இணைத்திருக்கிறேன். முகடு இருக்கிறது. எடுக்க மாட்டேன்.”