சாதா மதர்போர்டு

இன்னும் கட்டாத வீடுகளுக்குள் ஆட்களை நடக்கவைத்துக் காட்டுவதுதான் அந்த ஸ்டூடியோவின் தொழில். அண்ணி வரைபடம் போடுவாள். அதற்குச் சுவரும் ஜன்னலும் வெயிலும் வைத்து வீடியோவாக்குவது அண்ணனும் தங்கையும். அதற்குத் தோதான கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அது அண்ணனுடையது. அவன் குளிக்கப் போகும்போதும் சாப்பிடப் போகும்போதும் தங்கைக்குக் கிடைக்கும். அவன் இரண்டையுமே ரொம்ப வேகமாகச் செய்பவன்.

வேகம்தான் அவனுக்கு எல்லாம். எப்போதும் கிகாஹெர்ட்ஸ் கணக்கே பேசுவதால் வீட்டில் கிகா என்றே கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்தில் விட அவனுக்கு மனசு வராது. ஓவர்க்ளாக் என்று அதைத் தட்டி உசுப்பிக் கூடுதலாக ஓடவிடுவான். அந்தச் சூட்டையும் மின்சாரத்தையும் தாங்க, பாகங்களையெல்லாம் பொருத்தும் மதர்போர்டும் உயர்ந்தது, அதற்கு ஈடாக ராம் என்கிற மெமரியும் உயர்ந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அண்ணி அன்றைக்கே சொன்னாள். அவன் காதில் மெஷினின் விசிறிச் சத்தம்தான் விழுந்தது.

இப்போது பெரிய குடியிருப்பு ஒன்றின் வேலை வந்திருந்தது. இரண்டாவது மெஷின் வாங்கியே ஆக வேண்டும். தனக்கென்று ஒன்று வரப்போகிறதே என்று தங்கை மேஜையைக்கூடத் துடைத்துவைத்தாள். கிகா குறுக்கே விழுந்தான். வாங்கினால் தன்னுடையதைப் போல வாங்க வேண்டும், அதற்கு இப்போது பணம் போதாது, வருஷக் கடைசிவரை பொறுக்கலாம் என்றான். அதே ப்ராசஸரைச் சாதா போர்டிலும் சாதா ராமிலும் போட்டு இன்றைக்கே வாங்கலாமே என்று இவள் கேட்டாள். சிங்கத்தைக் கோழிக்கூண்டில் அடைக்கச் சொல்கிறாயா என்று அவன் கேட்டான்.

அண்ணி தீர்ப்புச் சொல்லாமல் பந்தயம் வைத்தாள். தெரிந்த கடைக்காரர் அப்படியொரு சாதா மெஷினை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லி அனுப்பினார். இரண்டு மெஷினும் ஒரே வீட்டின் வீடியோவை வாசலிலிருந்து மொட்டை மாடிவரை உருவாக்கி முடிக்க வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி வாசலிலிருந்து. கிகா முந்தினால் வருஷக் கடைசி. தங்கை முந்தினால் மெஷின் இங்கேயே தங்கும்.

தங்கை மனக்கணக்குப் போட்டாள். ஓவர்க்ளாக் செய்தால் கொஞ்சம்தான் வேகம் கூடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பந்தயத்துக்குக் கொஞ்சம் போதுமே. அண்ணனிடம் பேசி ஜெயிக்கலாம், கடிகாரத்திடம் என்ன பேசுவது?

வேறெதுவும் ஓடவில்லையே என்று பார்க்க இரண்டிலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். ராமின் வேகம் போட்டிருந்த இடத்தில் கண் நின்றது. பக்கத்து மெஷினைப் பார்த்தாள். இரண்டும் ஒன்று.

உயர்ந்த ராம் அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் எழும்போதே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குள் போய் ஒரு வரியை மாற்ற வேண்டும். மாற்றாதவரை அதுவும் சாதா ராம்தான், வண்ண விளக்கு மட்டும் எரியும். ப்ராசஸரை உசுப்ப பயாஸுக்குள் குடித்தனமே நடத்திய கிகா, அந்த வரியைத் தொடவேயில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்கள் உண்டு. இவன் நெய்ச் சாடியின் மூடியைத் திறக்காமலே மணக்கிறது மணக்கிறது என்று சொல்லித் திரிந்தவன்.

சொல்லாமல் விட்டால் அவன் கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயிப்பான். சொன்னால் இன்னும் நன்றாக ஜெயிப்பான். வாயை மூடிக்கொள்வதுதான் புத்தி. ஆனால் இத்தனை காலம் நீ ஏமாந்திருக்கிறாய் என்று அண்ணனிடம் சொல்லும் பாக்கியம் எத்தனை தங்கைகளுக்கு வாய்க்கும்? மெஷின் போனால் போகிறது.

"அண்ணா, இந்த ராம் போட்டதுலேர்ந்து வித்தியாசம் தெரியுதுன்னு சொல்லுவியே."

"ஆமா. மௌஸ் நகர்றதுலயே தெரியும்."

"அது இன்னும் சாதா வேகத்துலதான் ஓடுது. நீயே பாரு."

கிகா பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். அண்ணி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ரகம் அவன். இது இல்லாமலே இந்த வேகம் என்றால் இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் என்றான். பயாஸுக்குள் போய் வரியை மாற்றினான். பந்தயம் ஆரம்பித்தது.

பறந்தான். தங்கையின் வீடியோ கூடத்துக்குள் நுழைந்தபோது அவனுடையது மாடிப்படியில் கால் வைத்திருந்தது. அங்கேயே திரை நீலமாகி, மெஷின் அணைந்து எழுந்தது. கரண்ட் சரியில்லை என்றான். அதே கரண்டில் பக்கத்து மெஷின் படியேறிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை சமையலறையோடு நின்றது. அதற்கடுத்த தடவை செருப்பைக் கழற்றும் இடத்தைக்கூடத் தாண்டவில்லை.

ராம் தூங்கிக்கொண்டிருந்ததால்தான் அவன் ஓவர்க்ளாக் இத்தனை நாளும் தாக்குப்பிடித்தது. ராம் முழித்து நிஜமாக ஓட ஆரம்பித்ததும் இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க முடியவில்லை. ஒவ்வொரு படியாக ப்ராசஸரின் வேகத்தை இறக்கினான். கடைசியில் சிங்கம் கம்பெனி வைத்த வேகத்துக்கே வந்து சாதுவாக நடந்தது. அதற்குள் தங்கையின் வீடியோ மொட்டை மாடிக்குப் போய், வானத்தைக் காட்டி முடிந்திருந்தது.

 அண்ணி அதை முழுதும் ஓடவிட்டுப் பார்த்தாள். ஜன்னல் வெயில் விழ வேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. கிகாவுடையதும் ஒருவழியாக முடிந்தது. நடுவில் நிற்காத அந்த ஓட்டத்துக்கு மட்டும் எவ்வளவு நேரம் என்று அண்ணி ஒப்பிட்டாள். உயர்ந்த போர்டும் உயர்ந்த ராமும் சேர்ந்து மிச்சம் பிடித்தது, ஒரு டீ ஆறுகிற நேரம்.

"டீயை ஊதிக் குடிச்சிருந்தா அந்த நேரம் மிச்சமாகியிருக்குமே" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, நாத்தனாருக்காகக் கடைக்குப் போன் போட்டாள். அந்த மெஷின் திரும்பி வராது, பில் அனுப்புங்கள் என்றாள்.

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குடியிருப்பு வேலையைத் திறந்து முதல் சுவரை எழுப்பினாள். கிகா பின்னால் வந்து நின்றான்.

"குட்டி, இதை ஒரே ஒரு படி ஏத்திப் பார்க்கட்டா?"

"என் சாதா போர்டுல அந்த வசதியே கிடையாது அண்ணா. அதனாலதான் எனக்கு இதைப் பிடிச்சிருக்கு."

இரண்டாவது சுவரும் எழுந்தது.