சீலா ஓடியது யாருக்காக

அர்ச்சனா காவலர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள் என்று தெரிந்த வாரத்தில்தான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்துக்குச் சீலா வந்தது.

அர்ச்சனாவின் அண்ணன் ஜெகதீஸ்வரன் சென்னையில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்தான். வேலைக்குப் போன ஒரு வீட்டில் லாப்ரடார் நாய் குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றை, மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டிக்குள் துணி விரித்து உட்கார வைத்து, பைக்கில் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டான். பெட்டியிலிருந்து இறங்கியதும் அது முதலில் செய்த காரியம், வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்த அப்பா துளசிங்கத்தின் கால் கட்டைவிரலைக் கவ்வியது.

"ஐயோ, சீலா மீனு கணக்கா இன்னாமா கடிக்குது!" என்று அவர் காலை உதறினார். அதற்குப் பிறகு வேறு பெயர் யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜெகதீஸ்வரன் சொன்னான்: "அந்த வூட்டம்மா ஒண்ணு சொல்லி அனுப்புனாங்க. ஒரு வயசு ஆவறவரைக்கும் இத ரொம்ப ஓட உடக்கூடாதாம். ஒசரத்துலேந்து குதிக்க உடக்கூடாதாம். எலும்பு இன்னும் கெட்டியாவலையாம்."

"ஏரிக்கரை பூரா நாய்க்குட்டிங்க ஓடினுதான் கீது. அதுங்க கிட்டல்லாம் யாருணா போயி சொன்னது?" என்றாள் அர்ச்சனா.

அம்மா மனோரமா சிரித்தாள். ஜெகதீஸ்வரனும் சிரித்துவிட்டு அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தான். பேச்சு அதோடு முடிந்துபோயிற்று.

அர்ச்சனாவுக்கு அப்போது மனதெல்லாம் காவலர் வேலைக்கான உடல்தகுதித் தேர்வில் இருந்தது. ஓட்டம், நீளம் தாண்டுதல், பந்து எறிதல். பொன்னேரி மைதானத்தில் பயிற்சி எடுக்கும் பெண்களுக்கு மாஸ்டர் இருந்தார், விசில் இருந்தது, சேர்ந்து ஓட ஆட்கள் இருந்தார்கள். இவளுக்கு ஏரிப் பாலம் தாண்டியிருக்கும் கடற்கரைதான் மைதானம். விடிந்தும் விடியாமலும் அங்கே போனால் படகுகள் கரையேறும் நேரம். மீனைக் கொட்டிப் பிரிக்கிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், ஏலம் கூறுகிறவர்கள் என்று அத்தனை கண்களும் டிராக் பேண்ட் போட்ட ஒருத்தி தனியாக ஓடுவதைப் பார்த்தன. யாரும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். வெறுமனே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் அவளுக்குக் கால்கள் பின்னிக்கொண்டன. இரண்டு நாள் போகாமலே இருந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் போனபோது சீலா பின்னாலேயே வந்துவிட்டது. விரட்டிப் பார்த்தாள், போகவில்லை. சரி என்று விட்டுவிட்டு ஓடத் தொடங்கினாள். தொப்பை ஆட, காதுகள் பறக்க அது கூடவே ஓடிவந்ததைப் பார்த்து ஏலக்காரர்கள் சிரித்தார்கள். "யாரு மொதல்ல வராங்கனு பாக்கலாம்" என்று ஒருவர் குரல் கொடுத்தார். எல்லாக் கண்களும் அவளை விட்டு நாய்க்குட்டியின் மேல் போயிருந்தன. அன்றைக்கு அர்ச்சனா மூச்சு முட்டும்வரை ஓடினாள்.

பிறகு ஒரு நாள்கூடச் சீலா இல்லாமல் அவள் போனதில்லை.

குட்டி மளமளவென்று வளர்ந்தது. தொப்பை காணாமல் போய் நெஞ்சு அகன்றது. அலை நனைத்த கெட்டி மணலில் அவள் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டும். நீளம் தாண்டக் காய்ந்த மணலில் அவள் ஓடிவந்து பாய்ந்தால், அதுவும் பக்கத்தில் பாய்ந்து மூக்கு மணலில் புதைய விழும். பந்து எறிவதுதான் இருவருக்கும் பெரிய கொண்டாட்டம். எறிகிற பந்தைத் தானே போய் எடுத்துவருவதில் அவளுக்குப் பாதி நேரம் வீணாகிக்கொண்டிருந்தது. சீலா வந்தபின் அந்தக் கவலையும் போனது. பந்து கையை விட்டு விலகுவதற்குள் அது பறந்திருக்கும். எட்டிப் பிடித்து, பின்னங்கால்களைச் சறுக்கித் திரும்பி, கொண்டுவந்து காலடியில் போட்டுவிட்டு, "இன்னொண்ணு" என்று கண்ணால் கேட்கும். அவளும் இன்னொன்று எறிவாள். தோள் வலித்தால் நிறுத்துவாள். அவள் தோள் வலிக்கும்வரை எறிந்தாள்.

மனோரமாதான் முதலில் கவனித்தாள்.

"தூங்கி எந்திரிக்கசொல்ல இது முன்னங்கால ஊனாம தூக்கித் தூக்கி வெக்குதுடி. பாத்தியா?"

"முள்ளு கிள்ளு குத்தியிருக்கும்மா."

உள்ளங்காலைப் புரட்டிப் பார்த்தாள். முள் இல்லை. சற்று நேரம் நடந்ததும் நொண்டல் மறைந்துவிட்டது. கடற்கரைக்குப் போனதும் எப்போதும்போல ஓடியது. "பாரும்மா, ஓடினா சரியாயிடுது" என்று வந்து சொன்னாள். நொண்டல் மறுநாளும் இருந்தது, அதற்கடுத்த நாளும் இருந்தது. ஓட்டத்தில் அது மறைந்துபோவதால், ஓட்டமே அதற்கு மருந்து என்று அவள் நம்பிக்கொண்டாள். தேர்வுத் தேதியையும் அறிவித்துவிட்டிருந்தார்கள். அப்படி நம்புவது அவளுக்குத் தோதாகவும் இருந்தது.

ஒருநாள் காலை, அவள் எறிந்த பந்து கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகுக்குள் போய் விழுந்தது. சீலா தாவி உள்ளே ஏறியது. பந்தைக் கவ்விக்கொண்டு விளிம்பில் ஒரு கணம் நின்றது. பிறகு குதித்தது. அது எழுப்பிய சத்தம் நாயின் சத்தம்போலவே இல்லை. வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அர்ச்சனா ஓடிப்போய்ப் பார்த்தபோது, மூன்று காலில் நின்றபடி, பந்தை வாயிலிருந்து விடாமல் அது அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பொன்னேரிக் கால்நடை மருத்துவமனையில் தொட்டுப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும், சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஐஸ் ஏற்றிப் போகும் பிராங்க்ளினின் வேனில் துளசிங்கமும் அவளும் சீலாவை மடியில் கிடத்திக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் துளசிங்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாயின் காதை மட்டும் தடவிக்கொண்டே வந்தார்.

சென்னையில் பார்த்த டாக்டர் நடுவயதுப் பெண். படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்.

"வளர்ற குட்டிக்கு எலும்போட முனையில குருத்து மாதிரி ஒரு இடம் இருக்கும்மா. அங்கதான் எலும்பு நீளும். வளர்ந்து முடிஞ்சப்புறம் இறுகிடும். அதுக்கு முன்னாடி திரும்பத் திரும்ப அதிர்ச்சி பட்டா அந்த இடம் நோகும். மேலேந்து வேற குதிச்சிருக்கு, நசுங்கிடுச்சு. முன்னங்கால்ல ரெண்டு எலும்பு. இது ஒண்ணு இனிமே வளராது. பக்கத்துல இருக்கறது வளரும். அதனால கால் வளைஞ்சு போகும்."

"நேராக்க முடியாதா மேடம்?"

"ஆபரேஷன் பண்ணலாம். வளைவு குறையும். பழைய கால் வராது."

அர்ச்சனா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் கறுப்பும் வெள்ளையும் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"தெரு நாய்க் குட்டிங்கல்லாம் நாள் பூரா ஓடுதே மேடம். அதுங்களுக்கு ஒண்ணும் ஆவறதில்லையே?"

"அதுங்க இஷ்டத்துக்கு ஓடும். கொஞ்ச நேரம் கட்டிப் புரளும், களைச்சா நிழல்ல படுத்துக்கும். யாரும் இழுத்துட்டு ஓடறதில்ல."

"நானும் இழுக்கல மேடம். கயிறுகூடக் கட்டினதில்ல. அதுவாதான் வந்துச்சு."

டாக்டர் சீலாவின் நெற்றியில் கை வைத்தார்.

"வரும்மா. நீங்க ஓடினீங்க இல்ல? அதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை. இனி எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்: தையல் பிரிக்கும்வரை ஓய்வு, பிறகு சமதரையில் கொஞ்சம் கொஞ்சமாக நடை, போகிற வேகமும் நிற்கிற இடமும் நாய் முடிவு செய்வதாக இருக்க வேண்டும், அது மோந்து பார்க்க நின்றால் கூடவே நிற்க வேண்டும், உட்கார்ந்துவிட்டால் அன்றைய நடை முடிந்தது. பந்து வேண்டாம், படி வேண்டாம், குதிப்பது வேண்டாம். காயம் ஆறியபின் அலையில்லாத தண்ணீரில் நீந்த விடலாம், மூட்டில் பாரம் இறங்காது என்றார். இதையெல்லாம் முதல் நாளே அண்ணன் பாதி சொன்னான் என்பது கேட்கக் கேட்க அவளுக்கு நினைவு வந்தது. அப்போது தான் சொன்ன பதிலும் நினைவு வந்தது. அதற்கு எல்லாரும் சிரித்ததும்.

ஆபரேஷன் நடந்தது. கட்டுப்போட்ட காலோடு சீலா வீட்டில் கிடந்தது. "வேலையே வேணாம், நான் போவல" என்றாள் அர்ச்சனா. துளசிங்கம் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நீ போவலன்னா அது காலு நேராயிடுமா? போயி ஓடு."

ஓடினாள். தன் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்காத அந்த ஓட்டம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏலக்காரர்கள் இப்போதும் பார்த்தார்கள். "எங்கம்மா உன் ஆளு?" என்றார்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னாள்.

தேர்வு நாளில் அவள் நன்றாகவே செய்தாள். ஓட்டத்தில் தேறினாள், தாண்டினாள். பந்தை அவள் வாழ்விலேயே அதிக தூரம் எறிந்தது அன்றுதான். புல்தரையில் உருண்டுபோய் நின்ற பந்தை யாரும் துரத்தவில்லை. ஒரு காவலர் நடந்துபோய் அளவெடுத்தார். "சூப்பர்மா" என்று பக்கத்தில் நின்ற பெண் தோளைத் தட்டினாள். அர்ச்சனாவுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

பட்டியலில் பெயர் வந்ததும் ஊர் அதைத் தன் கதையாக்கிக்கொண்டது. பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டு விற்கும் கோவிந்தம்மா, "நாய் டிரெயினிங் குடுத்து போலீசான பொண்ணு எங்க குப்பத்துலதான் கீது" என்று வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். படகுக்கார விமல், முன்பு எப்போதோ போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைப் பாட்டுச் சேர்த்துப் போட்டுவிட்டான். காலை வெயிலில் அர்ச்சனா ஓடுகிறாள், பின்னாலேயே சீலா. ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். இதயம் போட்டார்கள்.

மனோரமாதான் போனை நீட்டினாள். "பாருடி, எவ்ளோ அழகா கீது."

ஒருமுறை பார்த்தாள். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு மறுபடியும் பார்த்தாள். வீடியோவில் முன்னால் ஓடுகிறவளின் முகத்தில் பெருமை. பின்னால் வருவது ஒவ்வொரு முறை இடது முன்னங்காலை ஊன்றும்போதும் தலையை மேலே தூக்கிக்கொண்டது. ஊன்றியதும் ஊன்றாததுமாகக் காலை எடுத்தது. வாய் அகலத் திறந்து நாக்கு தொங்கியது. இடையில் ஓரிடத்தில் நின்றேவிட்டது. உட்காரப்போவதுபோல் பின்புறம் தாழ்ந்தது. முன்னால் போகிறவள் தூரமாவதைப் பார்த்து மறுபடியும் எழுந்து ஓடியது.

படகிலிருந்து குதித்த நாளுக்கு வெகு முன்பே எடுத்த வீடியோ அது. அத்தனை நாளும் கூடவே ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு முறையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம். கடற்கரையே பார்த்திருக்கிறது, விமலின் போன் பார்த்திருக்கிறது, அவள் பார்க்கவில்லை.

விமல் வீட்டுக்குப் போனாள். "அத எடுத்துடு விமல்."

"இன்னா அர்ச்சனா, எவ்ளோ பேரு பாத்துருக்காங்க! ஊருக்கே பெருமை."

"அதுக்கு வலிச்சிருக்கு. நல்லாப் பாரு. வலிக்க வலிக்க ஓடியிருக்கு."

விமல் பார்த்தான். இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டான். ஆனால் அது அதற்குள் வேறு யார் யாருடைய போனிலோ போய்ச் சேர்ந்திருந்தது. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு தோழி அதை அவளிடம் காட்டி, "இது நீங்கதானே அக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, நடந்ததையும் சொன்னாள். கேட்டவள் முகம் சுருங்கியது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவள் முழுவதையும் சொன்னாள்.

முதல் விடுப்பில் ஊருக்கு வந்தபோது சீலா முழுசாக வளர்ந்திருந்தது. இடது முன்னங்கால் வெளிப்பக்கம் வளைந்து, பாதம் திரும்பியிருந்தது. அவளைக் கண்டதும் வாலோடு சேர்ந்து உடம்பே ஆடியது. அதற்கு அவள்மேல் எந்த வருத்தமும் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

விடுப்பு முடிந்து கிளம்பும் நாளில் ஏரிக்குக் கூட்டிப்போனாள். நடந்தும் நின்றும், நண்டு வளை ஒவ்வொன்றையும் மோந்தும் போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. சீலா மெல்ல இறங்கி நீந்தத் தொடங்கியது. வளைந்த கால் தண்ணீருக்குள் மறைந்துவிட்டது. தலை மட்டும் நேராக, சீராகப் போய்க்கொண்டிருந்தது. கரையில் நின்று அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

துளசிங்கம் பையை எடுத்துக்கொண்டு வந்தார். "பொன்னேரி பஸ் வர நேரமாச்சு. கூப்புடு, வந்துடும்."

"வந்துடும் நைனா. வலிக்குது கிலிக்குதுனு பாக்காம ஓடி வந்துடும். அதான் கூப்புடல."

அவர் பையைக் கீழே வைத்தார்.

அர்ச்சனா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். பயணத்துக்கு உடுத்தியிருந்த சுடிதார் இடுப்புவரை நனைந்தது. சீலா வட்டமடித்துத் தானாகத் திரும்பி வரும்வரை நின்றாள். வந்ததும் கழுத்தில் கை வைத்தாள். அது கால் ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு, அதன் வேகத்திலேயே கரையை நோக்கி நடந்தாள். சாலைப் பக்கம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பிறகு அது போகும் சத்தமும் கேட்டது.