பித்தளை என்று சொன்ன பொன்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் பழைய நகை வாங்கும் மதார் சாகிப், முப்பது வருஷ வியாபாரத்தில் எந்தச் சாமானையும் முதல் வார்த்தையில் நல்லது என்று சொன்னதில்லை. இவர் மட்டம் என்பார். கொண்டுவந்தவன் உசத்தி என்பான். இவர் தலையில் அடித்துக்கொள்வார். அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு படி இறங்குவான். நாலு கடை தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும். அப்புறம்தான் டீ வரும், விலை வரும். அந்த வட்டாரத்தில் இந்த வழக்கம் தெரியாமல் ஒரு சட்டிகூட வாங்க முடியாது.

தாயம்மாவுக்குத் தெரியாது. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பர்மாவிலிருந்து நடந்தே வந்தவள். அந்த வருஷக் கடைசியில் ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, மடியிலிருந்து விரல் நீள மூங்கில் குழலை எடுத்து வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு ஆத்து மணல்ல அரிச்சது, சாயபு. பொன் அரிக்கப் போறேன்னு வருஷத்துல ஆறு மாசம் மேற்கால போயிருவாரு. அங்க ஒரு பர்மாக்காரியோட குடும்பம் நடத்துறான்னு ஊரே சொல்லுச்சு. வர்ற வழியில காய்ச்சல்ல போயிட்டாரு. போறப்ப இதைக் குடுத்து, பொன் அரிக்கத்தான் போனேன், நெசம் தாயம்மான்னாரு. நெசமான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"விக்கத்தானே வந்துகீறே?"

"விக்கிறது அப்புறம்."

விற்க மனமில்லாதவள் போல் நடிக்கிறாள், கெட்டிக்காரிதான் என்று சாகிப் நினைத்துக்கொண்டார்.

குழலிலிருந்த தூளைக் காகிதத்தில் கொட்டினார். வெயிலில் இருந்த மங்கல் மஞ்சள் நிழலிலும் மாறவில்லை. காந்தத்தைக் காட்டினார், கறுப்பு மணல் மீசை மாதிரி அதில் ஒட்டிக்கொண்டது. மெல்ல ஊதினார், காக்காப்பொன் செதில் பறந்தது, மஞ்சள் அசையவில்லை. ஒரு மணியைக் கல்லில் வைத்துத் தட்டினார். நொறுங்காமல் பூவிதழாக விரிந்தது. அதன்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். புகை இல்லை, பச்சை இல்லை. பத்துக்கு ஒன்பதரை மாற்றுக்குக் குறையாது. எடை எப்படியும் மூன்று தோலா, நாலு பவுனுக்கு மேல்.

முகத்தை விளக்கெண்ணெய் குடித்தவர் போல் வைத்துக்கொண்டார்.

"இன்னாமா இது, பித்தளைத் தூளு. ஏதோ பட்டறையில கூட்டி அள்ளினது. உன் புருசன் உன்னை நல்லா ஏமாத்திகீறான்."

கடைசி வரி எல்லோருக்கும் சொல்வதுதான். புருசன் இல்லையென்றால் மாமியார், மாமியார் இல்லையென்றால் ஆசாரி.

"நல்லாப் பார்த்தீங்களா, சாயபு?"

"பார்க்க இன்னா கீது? கலீஜு. வேணும்னா டீக்குக் காசு தர்றேன், வச்சுட்டுப் போ."

அவள் தூளைக் குழலில் சரித்துக்கொண்டு படி இறங்கினாள்.

எதிர்க்கடையில் கயிறு விற்கும் லோகநாதன் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா பாய், கூப்பிடலியா? நாலாவது கடை தாண்டிக்கினு போறா."

"திரும்பிப் பார்ப்பா, இரு மாமு. இவ பெரிய கை."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முனையில் கடற்கரைப் பக்கம் திரும்பினாள். இப்போது கூப்பிட்டால் விலை ஏறும் என்று, ஒரு வெற்றிலை போடும் நேரம் சாகிப் உட்கார்ந்திருந்தார். பிறகுதான் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

அலை விளிம்பில் நின்றிருந்தாள். குழல் அவள் கையில் தலைகீழாக இருந்தது.

"கொட்டிட்டியா?"

"பித்தளைய வச்சு என்ன செய்ய?"

சாகிப் மண்டியிட்டு ஈர மணலை அள்ளினார். கறுப்பு மணலும் காக்காப்பொன்னுமாகக் கை முழுக்க மின்னியது. அடுத்த அலை வந்து அதையும் கரைத்துக்கொண்டு போயிற்று.

"தங்கம்தான்மா அது. அசல் தங்கம். விலையைக் குறைக்கத்தான் அப்படிச் சொன்னேன். உன் புருசன் சொன்னது நெசம்."

அவள் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "ஆறுதல் சொல்ல இம்புட்டு தூரம் ஓடி வந்திருக்கீங்க. நல்ல மனசு. வேண்டாம் சாயபு. எனக்கும் உள்ளுக்குள்ள அவரு மேல கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு."

"கடைக்கு வா. தட்டின மணி ஒண்ணு அங்கயே கீது, காட்டறேன்."

"உங்க கடையில தங்கத்துக்கா பஞ்சம்?"

சட்டைப் பையிலிருந்த நோட்டுகளை அப்படியே எடுத்து நீட்டினார். அதைப் பார்த்ததும், அது பித்தளைதான், இவர் இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்பதில் அவளுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்துவிட்டது. வாங்கவில்லை.

"அல்லா மேல ஆணையா சொல்றேன்" என்றார் சாகிப். அவர் காதிலேயே அது விழுந்தது. காலையில் ஒரு மீன்காரியிடம் வளையலுக்குப் பேரம் பேசியபோது சொன்ன அதே குரல், அதே இழுப்பு. வேறு மாதிரி சொல்லிப் பார்க்க மறுபடியும் வாயைத் திறந்தார். தாயம்மா அதற்குள் குழலை மணலில் போட்டுவிட்டு, தண்டையார்பேட்டைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள்.