லாயிட் எழுதிய ஜெர்மன்

பொம்மசந்திராவில் மாத்திரை அட்டைகளுக்கு உறை ஒட்டும் ஒரு தொழிற்சாலையில் லாயிட் பதினெட்டு வருஷமாக டாக்குமெண்ட் கண்ட்ரோலர். பதவியின் பெயரைக் கேட்டால் பெரிய அதிகாரம் மாதிரி இருக்கும். அவர் கண்ட்ரோல் செய்தது காகிதங்களை மட்டும்தான். அந்தக் காகிதமும் போன வருஷத்திலிருந்து பிடிஎஃப் ஆகிவிட்டது. எந்த மெஷினை எப்படி ஓட்டுவது, எப்படித் துடைப்பது, தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாக ஓடுவது என்றெல்லாம் ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் எழுதி, கட்டம் போட்டு, பிடிஎஃப்பாக மாற்றி சர்வரில் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் கீழே ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் மாட்டியிருக்கிற திரையில் அது தெரியும். தெரியும் என்று லாயிட் நம்பினார். இறங்கிப் போய்ப் பார்த்ததில்லை. கீழே போக வேண்டுமென்றால் தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொள்ள வேண்டும். தன்னிடம் மிச்சமிருக்கும் முடிக்கு அது அநியாயம் என்பது அவர் கட்சி.

கம்ப்யூட்டர் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு ஓர் எண்ணம். ஜீவனஹள்ளியில் அவர் குடியிருந்த தெருவில் யாருக்கு எந்தக் கோப்பு திறக்காவிட்டாலும் அவரிடம்தான் வருவார்கள். வருகிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் திட்டு, பிறகுதான் வைத்தியம். அவர் மனைவி நோரா பள்ளிக்கூட டீச்சர். சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். ஒரு தடவை நோராவுக்காக ஐக்கியத்தின் ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலைத் தமிழில் அடித்து, பிடிஎஃப் செய்து, எல்லோருக்கும் அனுப்பி வைத்தார். இருபத்திரண்டு பெண்களின் போனிலும் அது வாலும் கொம்பும் முளைத்த ஆங்கில எழுத்தாகத் தெரிந்தது. இருபத்திரண்டு போனும் மட்டமான போன் என்று லாயிட் தீர்ப்புச் சொன்னார். தன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டி, "பாருங்க, இங்க எவ்வளவு அழகா இருக்கு" என்றார். அவர்கள் பார்த்துவிட்டு, அழகாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, நிகழ்ச்சி நிரலைக் கையால் எழுதிக்கொண்டு போனார்கள்.

இந்தத் தொழிற்சாலைக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து ஒரு புது சீல் மெஷின் வந்தது. பழைய மெஷினில் சுவிட்சை அணைத்ததும் மூடியைத் திறந்து கை வைக்கலாம். புதியதில் அப்படி முடியாது. உள்ளே இருக்கும் இரும்புப் பட்டை ஆறுவதற்கு நான்கு நிமிஷம் ஆகும். இதை ஆங்கிலம், கன்னடம், தமிழ் என்று மூன்று பத்தியாகத் திரையில் போடச் சொன்னார்கள். கன்னடத்தை வேறொரு அலுவலர் எழுதிக் கொடுத்தார். தமிழை லாயிட் எழுதினார். இரண்டு நாள் யோசித்து, செந்தமிழில் எழுதினார். எழுதியதை வாசித்துப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது.

எட்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த மெஷினில் வேலை செய்த பாஞ்சாலி என்ற பெண்ணுக்கு வலது கையில் இரண்டு விரல் வெந்துபோனது. ஓர் அட்டை உள்ளே சிக்கிக்கொள்ள, மெஷினை நிறுத்தி, ஒரு நிமிஷம் பொறுத்து, மூடியைத் திறந்திருக்கிறாள். கம்பெனி வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டார்கள். விரலுக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் மாடியில், அலுவலகத்தில், வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். எச்சரிக்கை திரையில் இருந்திருக்கிறது. அவளுக்குத் தெரிந்த மொழியில் இருந்திருக்கிறது. படித்துப் புரிந்துகொண்டேன் என்று ரெஜிஸ்தரில் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். ஆகவே தவறு அவளுடையது, மெமோ கொடுக்க வேண்டியதுதான் என்று ஆனது.

மெமோ கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும். அந்தப் படிவத்தைத் தயாரித்தவர் லாயிட் என்பதால் வாங்கும் வேலையும் அவருக்கே வந்தது.

பாஞ்சாலிக்கு நாற்பது வயதிருக்கும். ஜோகுபாளையத்திலிருந்து வருகிறவள். கன்னடம் சரளமாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. தமிழில் ஏழாவது வரை படித்திருந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். லாயிட் தன் கம்ப்யூட்டரிலிருந்து அந்த எச்சரிக்கையை அச்செடுத்து அவள் முன்னால் வைத்தார். குரலில் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் கண்டிப்பு இரண்டையும் சேர்த்துக்கொண்டு, இது தமிழ்தானே, படிக்க முடிகிறதா என்று கேட்டார்.

அவள் தடுமாறாமல் முழுசாகப் படித்தாள். படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். இது எங்க இருக்குது?" என்றாள்.

"உங்க மெஷின் பக்கத்துல, திரையில. மூணாவது பத்தி."

"மூணாவது பத்தி ஜெர்மன் ஆச்சே சார்."

லாயிட்டுக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். மெஷின் ஜெர்மனியிலிருந்து வந்ததல்லவா, அதனால் அவர்கள் பாஷையிலும் ஒன்று போட்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்களாம். கையெழுத்து எதற்குப் போட்டாய் என்று கேட்டதற்கு, ரெஜிஸ்தர் வந்தது, எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன் என்றாள்.

லாயிட் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தலையில் வலை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். லைன் சூப்பர்வைசர் நாகேஷ் அவரை மரியாதையாக அழைத்துப் போய்த் திரையைக் காட்டினார். முதல் பத்தி ஆங்கிலம், பளிச்சென்று இருந்தது. இரண்டாவது கன்னடம், அதுவும் பளிச்சென்று இருந்தது. மூன்றாவதில் தலையில் இரண்டு புள்ளி வைத்த யு, வயிற்றில் கோடு போட்ட ஓ, வால் தொங்கும் சி எல்லாம் வரிசை வரிசையாக நின்றன. இரண்டு நாள் யோசித்து எழுதிய செந்தமிழ். நாகேஷ், தான் அதை வெளியாட்களுக்குக் காட்டும்போது ஜெர்மன் என்று சொல்வது வழக்கம், யாரும் இதுவரை மறுத்ததில்லை என்றார். ஒரு பெரிய கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர் அதைப் பார்த்துத் தலையசைத்துக் குறித்துக்கொண்டு போனாராம்.

என்ன நடந்தது என்பது லாயிட்டுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு சிடியில் வாங்கிய தமிழ் ஃபாண்டில்தான் அவர் இன்னமும் அடித்துக்கொண்டிருந்தார். கை பழகிவிட்டது. அந்தக் காலத்து ஃபாண்ட் ஒரு வேஷம் மாதிரி. உள்ளே இருப்பது ஏதோ ஓர் ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பதுதான் தமிழ். ஃபாண்ட் இருக்கிற கம்ப்யூட்டரில் வேஷம் நிற்கும், இல்லாத இடத்தில் கலைந்துவிடும். பிடிஎஃப் செய்யும்போது ஃபாண்டையும் கூடவே கட்டி அனுப்ப ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டால் போதும். டிக் இருக்கத்தான் இருந்தது. கோப்பு கனமாகிறது என்று அதை எடுத்தவர் லாயிட். எடுத்ததோடு நிற்காமல், கோப்பை எப்படி இளைக்க வைப்பது என்று அலுவலகத்தில் எல்லோரையும் உட்கார வைத்து அரை மணி நேரம் வகுப்பும் எடுத்திருந்தார். காகிதமாக இருந்தவரை அவர் கம்ப்யூட்டரிலேயே அச்சானதால் குட்டு வெளிப்படவில்லை. பழைய மெஷின்களின் திரையிலும் இதே கதிதான், ஆனால் அவற்றை ஓட்ட எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதால் யாரும் படித்துப் பார்க்கவில்லை.

மாடிக்கு வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிஷ வேலை. டிக்கைப் போட்டு, மறுபடி ஏற்றினால் திரையில் தமிழ் வந்துவிடும். கோப்பு எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது என்பதைக் குறிக்கும் முறையை வகுத்தவரே அவர்தான், அதை மாற்றி எட்டு மாதத்துக்கு முன்னாலேயே ஏற்றியதாகக் காட்டவும் அவருக்குத் தெரியும். பாஞ்சாலி சொன்னதைக் கேட்டது அவர் மட்டும். நாகேஷுக்கு அது இன்னமும் ஜெர்மன். டிக்கைப் போட்டு, தேதியைத் தொடாமல் ஏற்றினார். அது மெஷினில் நிற்பவர்களுக்காக. தேதியைப் பற்றி நாளைக்கு யோசிக்கலாம் என்று கம்ப்யூட்டரை மூடினார். கம்பெனி பஸ்ஸில் வீடு வரும்வரை, ஓர் ஆள் படிக்க முடியவில்லையென்றால் வந்து கேட்க வேண்டாமா என்று பாஞ்சாலி மேலே கோபப்பட்டுப் பார்த்தார். கோபம் பாதி வழியில் வரும் சில்க் போர்டு வரைகூடத் தாங்கவில்லை.

வீட்டில் நோரா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததை அவளிடம் பட்டும் படாமலும் சொன்னார். கேட்டுவிட்டு நோரா கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்க ஐக்கியத்துல இருபத்திரண்டு போன் மட்டம்னு சொன்னீங்க. நாங்க நிரலைக் கையால எழுதிக்கிட்டோம். அந்தம்மா என்ன பண்ணுவாங்க?"

லாயிட் கத்தியை எடுத்து மிச்ச பீன்ஸைத் தானே நறுக்கினார்.

மறுநாள் காலையில் அவர் தன் பெயரில் ஓர் அறிக்கை எழுதினார். தவறு என்னுடையது, பாஞ்சாலி கையெழுத்துப் போட்டபோது திரையில் தமிழே இல்லை, அவருக்கு மெமோ கொடுப்பது நியாயமல்ல என்று சுற்றி வளைக்காமல் எழுதினார். போன வருஷம் அவரே வடிவமைத்த விபத்துப் படிவத்தில் அதை நிரப்பி, பிடிஎஃப்பாகத் தொழிற்சாலைத் தலைவி அனந்தலக்ஷ்மி மேடத்துக்கு அனுப்பினார். எழுதியாகிவிட்டது, நேரில் சொல்ல வேண்டியதில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

பதினோரு மணிக்குக் கூட்டம். மேடம், பாஞ்சாலி, நாகேஷ், லாயிட் நான்கு பேர். அனந்தலக்ஷ்மி மேடம் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது மட்டும் கன்னடம் எட்டிப் பார்க்கும். லாயிட்டின் அறிக்கை வந்திருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிடுவோம் என்று டேப்லெட்டில் திறந்தார். தயவுசெய்து காத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. மேடம் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். நாகேஷ் தண்ணீர் குடித்தார். நெட் மெதுவாக இருக்கிறதோ என்று மேடம் ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார்.

காரணம் லாயிட்டுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் படிவத்தை அவர் எல்லா வித்தையும் காட்டி, தேதி போட்டால் கிழமை தானாக வருகிற மாதிரி செய்திருந்தார். அந்த மாதிரிப் படிவம் குறிப்பிட்ட ஒரு மென்பொருளில் மட்டும்தான் திறக்கும். மற்றதில் காத்திருக்கச் சொல்லும். ஓய்வு பெறும்வரை காத்திருந்தாலும் அடுத்த பக்கம் வராது.

"மேடம், அதுல ஒண்ணும் வராது" என்று எழுந்தார். "அதுவும் நான் பண்ணினதுதான். என்ன எழுதியிருக்கேன்னு நானே சொல்லிடறேன்."

சொன்னார். எழுதும்போது நான்கு வரியாக இருந்தது வாயால் சொல்லும்போது கால் மணி நேரம் ஆனது. ஃபாண்டைப் பற்றிச் சொன்னார், டிக்கைப் பற்றிச் சொன்னார், வகுப்பு எடுத்ததைப் பற்றியும் சொன்னார். நேற்று ஒரு சாயங்காலம் பூராவும் இதை மறைத்துவிடலாமா என்று யோசித்ததை, யாரும் கேட்காமலே, அதையும் சொல்லிவிட்டார். கடைசியில் பாஞ்சாலி பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

பாஞ்சாலி கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் கேட்டிருக்கலாம் சார்" என்றாள். "எட்டு மாசம் ஜெர்மனைப் பாத்துக்கிட்டே நின்னேன்."

அதைக் கேட்டு அனந்தலக்ஷ்மி மேடம் சிரித்தார். சிரித்ததற்காக உடனே வருத்தப்பட்டு முகத்தை நேராக்கிக்கொண்டு, பாஞ்சாலிக்கு மெமோ கிடையாது, காயம் ஆறும்வரை விடுப்பில் இருக்கட்டும் என்றார். மெமோ லாயிட்டுக்குக் கொடுப்பது என்று முடிவானது. அது காகிதத்திலேயே வந்தது. இனிமேல் எந்த அறிவிப்பானாலும், அந்த மொழி தெரிந்த ஒரு தொழிலாளி கீழே அந்தத் திரையில் பார்த்து வாய்விட்டுப் படித்த பிறகுதான் ரெஜிஸ்தர் சுற்றில் போக வேண்டும் என்றும் உத்தரவானது. தமிழுக்கு பாஞ்சாலி என்று மேடமே பெயர் போட்டார்.

மூன்று வாரம் கழித்து பாஞ்சாலி வேலைக்குத் திரும்பினாள். லாயிட்டின் கணக்கில் நாற்பத்தாறு தமிழ் அறிவிப்புகள் இருந்தன. எல்லாவற்றையும் புதிய ஃபாண்டில் மறுபடி அடித்திருந்தார். இருபது வருஷப் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்ததைப் பக்கத்து மேஜைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தினமும் சாப்பாடு முடிந்து இருபது நிமிஷம் அவர் வலைத்தொப்பியோடு கீழே வந்து நிற்பார். அவள் திரையைப் பார்த்துப் படிப்பாள்.

எழுத்து சரியாக வந்துவிட்டது. சிக்கல் வேறு இடத்தில் தொடங்கியது. "வெப்பத்தகடு குளிர்வடையும் வரை காத்திருத்தல் அவசியம்" என்று படித்துவிட்டு, இப்படி யார் சார் பேசுவாங்க என்று கேட்டாள். நாலு நிமிஷம் பொறு, இல்லாட்டி கை வெந்துடும் என்று போடச் சொன்னாள். லாயிட் அலுவலக மரியாதை என்று ஒன்றிருக்கிறது என வாதாடிப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்ததும் வாதத்தை நிறுத்திக்கொண்டு, அப்படியே எழுதிக்கொண்டார்.

பதினோராவது அறிவிப்பில் "அழுத்தத் தளர்வுக் குமிழைத் திருகுக" என்று ஒரு வரி வந்தது. அது என்ன குமிழ் சார் என்று பாஞ்சாலி கேட்டாள். லாயிட் எழுதிய வரிதான். நான்கு வருஷமாக இருக்கிற வரி. அகராதியைப் பார்த்துப் போட்டது நினைவிருந்தது, பொருளைப் பார்த்தது நினைவில்லை. தெரியாது என்றார். அதைச் சொல்வது எதிர்பார்த்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

இரண்டு பேரும் அந்த அறிவிப்புக்குரிய பழைய மெஷினுக்குப் பின்னால் போனார்கள். லாயிட் பேண்டை முட்டி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சு வாங்கக் குனிந்து, அடியில் எட்டிப் பார்த்தார். பாஞ்சாலி இடது கையால் போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். குழாய்க்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில், எண்ணெய் படிந்து, சிவப்பாக ஒன்று இருந்தது.

"இதுவா? இதை நாங்க செவப்புக் குமிழ்னு சொல்லுவோம்" என்றாள்.

லாயிட் தரையில் உட்கார்ந்தபடியே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கையிலிருந்த அச்சுத் தாளில் பழைய வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னதை எழுதினார். அடுத்தது பன்னிரண்டு என்றாள் அவள்.